கிணத்து நீச்சல் தெரிஞ்சா போதுமா? ஸ்கூபா கார்டை யார் தருகிறார்கள், எதற்குத் தருகிறார்கள்?

அந்தியூர் பக்கம் தோட்டம் இருக்கும் வீடுகளில் நீச்சல் பழக்குவதற்கு ஒரு முறை உண்டு. இடுப்பில் கயிறு, முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை. குடுக்கை போய் இப்போது காலி எண்ணெய் கேன் வந்துவிட்டது. கயிறு மட்டும் மாறவில்லை. மேலே அப்பாவோ மாமாவோ கயிற்றைப் பிடித்துக்கொள்ள, பையன் கிணற்றுக்குள் கையையும் காலையும் உதைப்பான். ஒரு கோடை விடுமுறை முடிவதற்குள் கயிறு கழன்றுவிடும். அடுத்த கோடையில் மோட்டார் ரூம் மேலிருந்து குதிப்பான். அதற்கடுத்த கோடையில் போட்டி வந்துவிடும். யார் அதிக நேரம் தம் கட்டி முங்கிக் கிடப்பது, யார் அடியில் இருந்து மண் அள்ளி வந்து காட்டுவது?

அப்படி வளர்ந்தவர்கள்தான் இப்போது நாற்பதைத் தாண்டி, குடும்பத்தோடு அந்தமான், கோவா, புதுச்சேரி என்று டூர் போகிறார்கள். பேக்கேஜில் ஸ்கூபா டைவிங்கும் சேர்ந்தே வருகிறது. படகில் உட்கார்ந்ததும் பெரும்பாலான கொங்கு அப்பாக்கள் சொல்வது ஒன்றுதான். “நமக்கு என்னங்க பயம், கிணத்துலயே வளர்ந்தவங்க!” பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே சொல்லும் முதல் விதி இது: “தண்ணிக்குள்ள ஒரு செகண்ட்கூட மூச்சைப் பிடிச்சு வைக்காதீங்க.”

கிணற்றில் கற்ற முதல் பாடத்துக்கு நேர் எதிரான பாடம் இது. ஸ்கூபா பயிற்சி அமைப்புகள் எதற்காக இருக்கின்றன, அவை தரும் கார்டு எதை உறுதி செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விதியில் இருந்து தொடங்குவதுதான் சுலபம்.

கிணற்றுக் காற்றும் சிலிண்டர் காற்றும்

கிணற்றில் முங்குபவர் மேலேயே மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே போகிறார். ஆழம் போகப் போக, தண்ணீரின் அழுத்தத்தால் நுரையீரலில் உள்ள காற்று சுருங்கும். திரும்பி மேலே வரும்போது பழைய அளவுக்கு விரியும், அதற்கு மேல் விரியாது. தம் தீர்ந்துபோனால் ஆபத்துதான் என்றாலும், நுரையீரல் கிழிந்துபோகும் ஆபத்து அதில் இல்லை.

ஸ்கூபாவில் கதை வேறு. 33 அடி, அதாவது 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. சிலிண்டரில் இருந்து வாய்க்கு வரும் காற்றும் அதே இரண்டு மடங்கு அழுத்தத்தில்தான் வருகிறது. அந்த ஆழத்தில் நுரையீரல் நிறைய இழுத்து, வாயை மூடிக்கொண்டு, பயத்தில் விருட்டென்று மேலே வந்தால் உள்ளே இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரலில் அதற்கு இடம் கிடையாது. கிழிந்த இடத்தின் வழியாகக் காற்றுக் குமிழ்கள் ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால், மேலே வந்த சில நிமிடங்களில் பக்கவாதம்போல விழுந்துவிடலாம். இதற்குப் பெரிய ஆழம்கூடத் தேவையில்லை. நான்கு அடி ஆழத்தில் சிலிண்டர் காற்றை இழுத்து, மூச்சை அடக்கியபடி எழுந்தாலே போதும் என்கிறது டைவிங் மருத்துவம். நான்கு அடி என்பது நீச்சல் குளத்தில் குழந்தைகள் நிற்கும் ஆழம்.

ஆக, திடீரென்று முகத்தில் தண்ணீர் பட்டதும் தானாகவே தம் கட்டும் பழக்கம் கிணற்றில் உயிரைக் காப்பாற்றும். முதுகில் சிலிண்டர் இருக்கும்போது அதே பழக்கம் உயிரைக் கேட்கும். இருபது வருடப் பழக்கத்தை ஐந்து நிமிட விளக்கம் மாற்றிவிடாது.

இதே இடத்தில் ஒரு விஷயத்தைச் சரிசெய்துவிடலாம். செய்திகளிலும் சினிமாவிலும் அதை ‘ஆக்சிஜன் சிலிண்டர்’ என்றே சொல்கிறார்கள். உள்ளே இருப்பது நாம் சுவாசிக்கும் அதே சாதாரணக் காற்று. வடிகட்டி, ஈரம் நீக்கி, ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் அடைத்திருப்பார்கள். சுத்தமான ஆக்சிஜனை 6 மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் அதுவே நஞ்சாகி வலிப்பு வரவைக்கும். ஆக்சிஜன் சிலிண்டர் இருக்க வேண்டிய இடம் படகு. முதலுதவிக்கு.

யார் இந்த அமைப்புகள்?

தண்ணீருக்குள் சுதந்திரமாக மூச்சு விடும் கருவியை 1943-ல் பிரான்சில் ஜாக் குஸ்தோவும், எமில் காக்னன் என்ற இன்ஜினீயரும் சேர்ந்து உருவாக்கினார்கள். போர் முடிந்ததும் அது கடைக்கு வந்தது. காசு கொடுத்தவர்கள் எல்லாம் வாங்கினார்கள். கற்றுக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஸ்கிரிப்ஸ் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தில் கான்ராட் லிம்பா என்பவர் தன் கூட வேலை செய்யும் ஆராய்ச்சியாளர்களுக்கு முறையான பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். 1954-ல் லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்ட்டி நிர்வாகம் தன் ஆட்களை அவரிடம் அனுப்பிக் கற்கவைத்து, பொதுமக்களுக்கான பயிற்சியைத் தொடங்கியது. பொழுதுபோக்கு டைவர்களுக்குப் பாடத்திட்டம், பரீட்சை, சான்றிதழ் என்று வரிசையாக வந்தது அங்கிருந்துதான்.

பிரிட்டனில் 1953-லேயே பிரிட்டிஷ் சப் அக்வா கிளப் தொடங்கியிருந்தது. பெயரிலேயே இருப்பதுபோல அது ஒரு கிளப். மூத்த உறுப்பினர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். 1959-ல் மொனாக்கோவில் பல நாட்டு டைவிங் கூட்டமைப்புகள் சேர்ந்து சி.எம்.ஏ.எஸ். என்ற உலகக் கூட்டமைப்பை அமைத்தன. குஸ்தோதான் முதல் தலைவர். ஒரு ஸ்டார், இரண்டு ஸ்டார், மூன்று ஸ்டார் என்று டைவர்களைப் பிரிப்பது அவர்கள் முறை. 1960-ல் அமெரிக்காவில் நாவி. 1966-ல், கடலே இல்லாத இல்லினாய் மாநிலத்தில், ஜான் குரோனின் என்ற டைவிங் கருவி விற்பனையாளரும், ரால்ஃப் எரிக்சன் என்ற நீச்சல் பயிற்சியாளரும் சேர்ந்து ‘புரொஃபஷனல் அசோசியேஷன் ஆஃப் டைவிங் இன்ஸ்ட்ரக்டர்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் சுருக்கம்தான் ‘பாடி’. (சென்னைப் பாடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) 1970-ல் எஸ்.எஸ்.ஐ. வந்தது. இந்தியாவில் இன்று கற்கப் போகிறவர்கள் அதிகம் கேள்விப்படுவது கடைசி இரண்டு பெயர்களைத்தான்.

அமைப்பு எது என்று பார்த்துப் பெரிதாகக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. தனியாகச் சென்று டைவ் செய்யத் தகுதியான ஒருவருக்குக் குறைந்தபட்சம் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஐ.எஸ்.ஓ. 24801 என்ற சர்வதேசத் தரம் சொல்கிறது. பெரிய அமைப்புகளின் பாடத்திட்டங்கள் அதை ஒட்டியே இருக்கின்றன. பாடியில் அடிப்படைக் கார்டு வாங்கியவர் எஸ்.எஸ்.ஐ. மையத்தில் அடுத்த நிலை படிக்கலாம். யாரும் மறுபடி ஒன்றாம் வகுப்பில் உட்காரச் சொல்வதில்லை.

கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தால் கற்றுக்கொடுப்பது இன்ஸ்டிடியூட், லோயர், ஹையர் பரீட்சை நடத்துவது அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். டிரைவிங் ஸ்கூல் கற்றுக்கொடுக்கும், ஆர்.டி.ஓ. லைசென்ஸ் கொடுக்கும். ஸ்கூபாவில் அடிப்படை நிலைக்கு ஆர்.டி.ஓ. கிடையாது. கற்றுக்கொடுக்கும் அதே பயிற்சியாளர்தான் “இவர் தேறிவிட்டார்” என்று கையெழுத்துப் போடுகிறார். அமைப்பு அதை ஏற்றுக் கார்டு அனுப்புகிறது. டைவிங் மையம் அந்த அமைப்பின் கிளையும் அல்ல. அதன் பாடத்தைக் கற்றுக்கொடுக்க உறுப்பினராகச் சேர்ந்த ஒரு தனி வியாபாரம். இந்தியாவில் மத்திய சுற்றுலா அமைச்சகம் 2018-ல் சாகசச் சுற்றுலாவுக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதில் ஸ்கூபாவுக்கும் பகுதி உண்டு. ஆனால், கையில் இருக்கும் கார்டு அரசு கொடுத்தது அல்ல.

அப்படியானால் இந்தக் கார்டுக்கு என்ன மதிப்பு? கார்டு இல்லாமல் போனால் நல்ல மையம் எதுவும் சிலிண்டரை வாடகைக்குத் தராது, படகில் தனி டைவராக ஏற்றாது. உலகம் முழுக்க இந்தத் தொழில் தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு அது. பயிற்சி முடித்தவர்களுக்கு அமைப்புகளே கேள்விப்படிவம் அனுப்பி, “இந்தப் பயிற்சியை உண்மையிலேயே செய்தீர்களா?” என்று விசாரிப்பதும், விதியை மீறிய பயிற்சியாளர்களை இடைநீக்கம் செய்வதும் உண்டு. அந்தப் படிவம் மெயிலில் வந்தால் பெரும்பாலானவர்கள் திறப்பதேயில்லை. திறந்து உண்மையை எழுதுவது அடுத்து வருகிற ஆளுக்குச் செய்யும் உதவி.

அறுபது அடிக்கு என்ன படிக்க வேண்டும்?

பாடியின் அடிப்படைப் படிப்பு ‘ஓப்பன் வாட்டர் டைவர்’. முடித்தவர் துணை டைவர் ஒருவரோடு 18 மீட்டர் வரை போகலாம். 18 மீட்டர் என்றால் 60 அடி. கொங்கு நாட்டுக் கிணறுகள் பலவற்றின் ஆழமும் அதுதான். பெரும்பாலும் மூன்று நான்கு நாள் படிப்பு. கட்டணம் இந்தியாவில் முப்பதாயிரம் ரூபாயை ஒட்டி, முன்னே பின்னே இருக்கும்.

முதலில் நீச்சல் சோதனை. 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், நேரக் கணக்கு இல்லை. பிறகு எதையும் பிடிக்காமல் 10 நிமிடம் மிதக்க வேண்டும். கிணற்று நீச்சல்காரர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொண்டே தேறிவிடுவார்கள். காலுக்கு அடியில் தரை தட்டாத தண்ணீருக்குப் பயப்படாமல் இருப்பது பெரிய சொத்து. நகரத்து நீச்சல் குளங்களில் கற்றவர்களிடம் பல நேரம் இல்லாதது அது.

அடுத்தது பாடம். இதை அந்தியூரில் வீட்டில் உட்கார்ந்தே ஆன்லைனில் படித்துவிடலாம். கடைசியில் 50 கேள்விகள், 75 சதவிகிதம் எடுக்க வேண்டும்.

மூன்றாவது கட்டம்தான் படிப்பின் உயிர். நீச்சல் குளத்திலோ, குளம்போல அமைதியான ஆழமில்லாத தண்ணீரிலோ ஐந்து கட்டப் பயிற்சி. மூக்கையும் கண்ணையும் மூடியிருக்கும் மாஸ்க்குக்குள் வேண்டுமென்றே தண்ணீரை விட்டு, மூக்கால் ஊதி அதை வெளியேற்ற வேண்டும். பிறகு மாஸ்க்கை முழுவதும் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, வாயால் மட்டும் மூச்சு விட்டுக் காத்திருக்க வேண்டும். பலர் மிரண்டுபோவது இந்த ஒரு நிமிடத்தில்தான். மூக்கில் தண்ணீர் படும்போது வாயால் அமைதியாக மூச்சு விடலாம் என்பதை உடம்பு நம்ப மறுக்கும். தம் கட்டும். மேலே ஓடப் பார்க்கும். பயிற்சியாளர் தோளைப் பிடித்து மெதுவாக உட்காரவைத்து, மறுபடி செய்யச் சொல்வார். சிலருக்கு இரண்டு முறை, சிலருக்கு இருபது முறை.

வாயில் இருக்கும் ரெகுலேட்டர் நழுவினால் கையை வீசித் தேடி எடுப்பது, சிலிண்டர் காலியானால் துணை டைவரின் உபரிக் குழாயில் இருந்து மூச்சு வாங்குவது, காற்றடைத்த ஜாக்கெட்டில் கொஞ்சம் ஏற்றி கொஞ்சம் இறக்கி மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நடுவில் நிற்பது எல்லாம் இங்கேதான் பழக வேண்டும். ரெகுலேட்டர் வாயில் இல்லாத அந்தச் சில நொடிகளிலும் உதட்டில் இருந்து சிறு குமிழ்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். குமிழ் நின்றால் மூச்சை அடக்கியிருக்கிறார் என்று பயிற்சியாளருக்குத் தெரிந்துவிடும், திரும்பச் செய்யச் சொல்வார்.

கடைசியாகக் கடலில் நான்கு டைவ். அதில் ஒரு பயிற்சி, காற்று தீர்ந்து, துணையும் பக்கத்தில் இல்லாத நிலையில் ஒரே மூச்சில் மேலே வருவது. 20, 30 அடியில் இருந்து ‘ஆ...’ என்று சத்தம் எழுப்பிக்கொண்டே நிதானமாக மேலே வர வேண்டும். அந்த ‘ஆ’ இருக்கும் வரை தொண்டை திறந்திருக்கும், விரியும் காற்று வெளியேறிக்கொண்டே இருக்கும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும் பயிற்சி இது. ஆனால் கிணற்றில் பழகிய உடம்பு மாறிவிட்டதா என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பரீட்சை வேறு இல்லை.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தலும் சங்கு குளித்தலும் பல தலைமுறைத் தொழில். தூத்துக்குடி, ராமநாதபுரம் கரைகளில் சங்கு எடுப்பவர்களைவிடத் தண்ணீரை அறிந்தவர்கள் யார்? மூச்சை அடக்கி முங்கிய காலத்தில் அந்த அறிவு போதுமானதாக இருந்தது. குழாய் வழியாகவோ சிலிண்டரிலிருந்தோ காற்று வாங்கி நீண்ட நேரம் கீழே இருக்க ஆரம்பித்தபோது ஆபத்தின் வகையே மாறிவிட்டது. கருவி அவர்கள் கைக்கு வந்த வேகத்தில் பயிற்சி வரவில்லை. சுற்றுலா வருபவருக்கு மூன்று நாள் வகுப்பும், அதையே தொழிலாகச் செய்பவருக்கு ஒன்றும் இல்லை என்பதும் இந்தத் துறையில் உறுத்தும் விஷயம்.

படகில் நீட்டப்படும் படிவம்

டூர் பேக்கேஜில் வரும் ஸ்கூபா மேலே சொன்ன படிப்பு அல்ல. அது ‘டிஸ்கவர் ஸ்கூபா’ அல்லது ‘ட்ரை டைவ்’ எனப்படும் அனுபவ டைவ். சில ஆயிரம் ரூபாய், சிறு விளக்கம், ஆழமில்லாத இடத்தில் இரண்டு மூன்று பயிற்சிகள், பிறகு பயிற்சியாளர் பிடித்துக்கொண்டு அழைத்துப் போவார். அதிகபட்சம் 12 மீட்டர். ‘நீச்சல் தெரியாதவர்களும் வரலாம்’ என்று விளம்பரம் செய்வது இதற்குத்தான். தவறான விளம்பரமும் அல்ல. பயிற்சியாளர் கை எட்டும் தூரத்தில் இருக்கும் வரை.

முடிந்ததும் பெயர் எழுதிய ஒரு பேப்பர் தருவார்கள். அதை ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டலாம், ஸ்டேட்டஸில் வைக்கலாம். அதை வைத்து அடுத்த முறை தனியாக டைவ் செய்ய முடியாது. “நான் சர்டிஃபைடு டைவர்” என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. கலந்துகொண்டதற்கான நினைவுப் பேப்பர் அது, அவ்வளவுதான்.

இரண்டு வகை டைவுக்கும் முன்னால் ஒரு மருத்துவப் படிவம் வரும். ஆங்கிலத்தில் இருக்கும். படகு கிளம்பும் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ‘நோ’ டிக் அடித்துக் கையெழுத்துப் போடுவது நம் வழக்கம். அந்த ஒரு பக்கத்தில் இருப்பது 10 கேள்விகள்தான். வயது 45-க்கு மேலா என்பது அதில் ஒன்று. ஆம் என்றால் பிரஷர், கொலஸ்ட்ரால், புகைப் பழக்கம் பற்றி அடுத்த பக்கத்தில் துணைக் கேள்விகள் இருக்கும். ஆஸ்துமா, வலிப்பு, இதய அறுவைசிகிச்சை, காது ஆபரேஷன், சர்க்கரை எல்லாம் கேட்கப்படும். கடைசிக் கேள்வி, தினமும் மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா? பி.பி. மாத்திரை போடுகிறவர் இதற்கு ‘ஆம்’ என்றுதான் சொல்ல வேண்டும். சொன்னால் டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்வார்கள். படகில் ஏறிய பிறகு அது முடியாது. அதனால்தான் பலர் மறைக்கிறார்கள். படிவத்தை டூருக்குக் கிளம்பும் முன்பே மையத்திடம் வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கி, ஊரிலேயே குடும்ப டாக்டரிடம் காட்டிவிட்டால் இந்தச் சிக்கலே வராது. கர்ப்பமாக இருப்பவர்களும், அதற்கு முயற்சி செய்பவர்களும் டைவ் செய்யவே கூடாது என்று படிவத்தின் ஆரம்பத்திலேயே எழுதியிருக்கிறது. தேனிலவுப் பேக்கேஜில் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய வரி.

குழந்தைகளுக்கு? 10 வயதில் இருந்து ஜூனியர் ஓப்பன் வாட்டர் படிக்கலாம். 10, 11 வயதுக்காரர்கள் 12 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. கூடவே கார்டு உள்ள பெற்றோரோ பயிற்சியாளரோ இருக்க வேண்டும். ‘பையன் தைரியசாலி, எட்டு வயசுதான், விடுங்க’ என்று கெஞ்சுவதற்குக் கடல் சரியான இடம் அல்ல. எட்டு வயதுக்கு நீச்சல் குளத்தில் 2 மீட்டருக்குள் மூச்சு விட்டுப் பார்க்கும் விளையாட்டுப் பயிற்சி தனியாக இருக்கிறது.

கார்டு போட்ட கோடு

அடுத்த நிலை ‘அட்வான்ஸ்டு’. பெயரைப் பார்த்துப் பெரிதாக நினைக்க வேண்டாம், ஐந்து டைவ்தான். அதில் ஆழத்துக்கு ஒன்று, திசைகாட்டி வைத்து வழி கண்டுபிடிக்க ஒன்று கட்டாயம். முடித்தால் 30 மீட்டர், ஏறக்குறைய 100 அடி. அதற்குப் பிறகு வரும் ‘ரெஸ்க்யூ டைவர்’ படிப்பில்தான் பலரும் முதல்முறையாகத் தன்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கக் கற்கிறார்கள்.

கார்டில் ஆழம் மட்டும் எழுதியிருக்கவில்லை. தலைக்கு மேல் நேராகத் தண்ணீர்ப்பரப்பு இருக்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம். குகைக்குள்ளோ, மூழ்கிய கப்பலின் உள்ளேயோ போக அந்தக் கார்டு போதாது, அதற்குத் தனிப் படிப்பு. எல்லோருக்கும் கற்றுக்கொடுத்த அந்த கான்ராட் லிம்பா, 1960-ல் தெற்கு பிரான்சில் போர்-மியூ என்ற நீரடிக் குகைக்குள் போய் வழி தவறி இறந்துபோனார். அமெரிக்காவின் மிக அனுபவமுள்ள டைவர்களில் ஒருவர் அவர்.

பவானி கூடுதுறையிலோ, அந்தியூர் ஏரியிலோ யாராவது மூழ்கிவிட்டால், “ஸ்கூபா டைவர் யாராவது இருக்காங்களா?” என்று வாட்ஸ்அப் குழுக்களில் கேட்கிறார்கள். பொழுதுபோக்குக் கார்டு வைத்திருக்கும் ஊர்ப் பையன் அந்த வேலைக்கு இறங்கக் கூடாது. நம் ஏரி, ஆற்றுத் தண்ணீரில் நீட்டிய கை தெரியாது. மரக்கிளை, வலை, கயிறு சிக்கும். அதற்கான மீட்பு டைவிங் பயிற்சி வேறு. தீயணைப்புத் துறைக்கு, தேவைப்பட்டால் அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படைக்குத்தான் தகவல் போக வேண்டும்.

“இதுக்கு வேலை கிடைக்குமா?” என்று கேட்கும் பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. கிடைக்கும். 18 வயது முடிந்து, ரெஸ்க்யூ படிப்பும் முதலுதவியும் முடித்து, 60 டைவ் கணக்கில் இருந்தால் ‘டைவ் மாஸ்டர்’ ஆகலாம். 100 டைவ் சேர்ந்தால் பயிற்சியாளர் தேர்வு எழுதலாம். ஆர்.டி.ஓ. போன்ற ஒன்று இந்த நிலையில்தான் வருகிறது. சொல்லிக்கொடுத்தவர் அல்லாத வேறு தேர்வாளர் வந்து சோதிப்பார். செலவு லட்சங்களில் போகும், வருமானம் சீசனைப் பொறுத்தது. கடலுக்கடியில் வெல்டிங், பாலத் தூண் சோதனை போன்ற வேலைகள் ‘கமர்ஷியல் டைவிங்’ என்ற வேறு துறை. அதற்கு இந்தக் கார்டுகள் செல்லாது. பணம் கட்டும் முன் இந்த இரண்டையும் பிரித்துக் கேட்டுக்கொள்வது நல்லது.

பல்லைப் பார்த்து வாங்குவதுபோல

குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தையில் யாரும் விற்பவர் பேச்சை மட்டும் நம்பிப் பணம் கொடுப்பதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நாலு எட்டு நடத்திப் பார்ப்பார்கள். டைவிங் மையத்திலும் அதையே செய்யலாம். பயிற்சியாளரிடம் உறுப்பினர் எண் கேட்டால், அவர் இன்னும் கற்றுக்கொடுக்கும் அனுமதியோடு இருக்கிறாரா என்று பாடியின் இணையதளத்திலேயே சரிபார்க்க முடியும். எண் கேட்டதற்கு முகம் சுளிக்கும் மையத்தைவிட்டு நகர்ந்துவிடலாம். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? படிப்பு என்றால் கடலில் 8 பேர் வரை விதி அனுமதிக்கிறது, அனுபவ டைவுக்கு 4. தண்ணீர் கலங்கலாக இருந்தால் அதையும் குறைக்க வேண்டும். நம் கரைகளில் கலங்கல் சகஜம் என்பதால், அனுபவ டைவில் ஒருவருக்கு ஒருவர் என்று வைத்திருக்கும் மையமே மேல். படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, ஏதாவது ஆனால் அழுத்த அறைச் சிகிச்சைக்கு எந்த ஊருக்குக் கொண்டுபோவார்கள் என்பதையும் கேட்க வேண்டும். நல்ல பயிற்சியாளருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும்.

கார்டு ஒருமுறை வாங்கினால் காலாவதி ஆவதில்லை. பழக்கம் ஆகிவிடும். ஓரிரு வருடம் தண்ணீரில் இறங்காதவர் குளத்தில் ஒரு புத்தாக்கப் பயிற்சி செய்த பிறகே கடலுக்குப் போக வேண்டும்.

ஊர் திரும்பும் வழியில் இன்னொரு கணக்கு இருக்கிறது. ஆழத்தில் அழுத்தத்தோடு சுவாசித்த காற்றில் இருந்த நைட்ரஜன் உடம்பில் கரைந்து நிற்கும். மெதுவாகத்தான் வெளியேறும். அதனால்தான் மேலே வரும்போது 5 மீட்டரில் 3 நிமிடம் நிறுத்தச் சொல்கிறார்கள். கரைக்கு வந்த பிறகும் அது முழுவதும் போயிருக்காது. உடனே உயரத்துக்குப் போனால் அழுத்தம் குறைந்து, சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் குமிழாகும். மூட்டு வலியில் தொடங்கி நரம்பு பாதிப்பு வரை போகலாம். ஒரே ஒரு டைவ் என்றால் விமானம் ஏறக் குறைந்தது 12 மணி நேரமும், பல டைவ்கள் என்றால் 18 மணி நேரமும் விட வேண்டும் என்பது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற பாதுகாப்பு அமைப்பின் அறிவுரை. அந்தமான் போகிறவர்கள் ஸ்கூபாவைக் கடைசி நாளில் வைக்கக் கூடாது. விமானத்துக்கு மட்டும்தான் இந்த விதி என்று பலரும் நினைக்கிறார்கள். மலைக்கும் இதே கணக்குதான். ஊட்டி 2,240 மீட்டர், ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். புதுச்சேரியில் காலையில் டைவ் முடித்து, சேலம் வழியாக அந்தியூர் திரும்பும்போது ‘வர்ற வழியிலதானே’ என்று அன்று ராத்திரியே ஏற்காட்டில் ரூம் போட்டிருந்தால், அதை மறுநாளுக்கு மாற்றச் சொல்லி ஒரு போன் போட்டுவிடலாம்.